முதுகைப் பார்த்து விலை சொன்னவர்

அப்பாத்துரை அரைமணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். நாற்காலி நுனியில்தான் உட்காருவார். ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் நீண்டுவிட்டால் பைய எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் ஒரு நடை நடந்துவிட்டு வருவார். "கல்யாணத்தன்னைக்கு போட்டோக்காரர் மூணு வாட்டி எடுத்தாரு அண்ணன். மூணுலயும் இவுக மட்டும் கலங்கலாத்தான் விழுந்திருக்காக" என்று அவர் மனைவி ஜெபராணி என்னிடம் சொன்னதுண்டு. அந்தப் படங்களை நானும் பார்த்திருக்கிறேன், பொய்யில்லை.

மனிதர் அடங்குவது பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டும்போது மட்டும்தான். நாலு தந்தி, கட்டைக் குரல். ஊரில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு வாத்தியம் ஒலிப்பதே காதில் விழாது, நின்றுபோனால்தான் என்னவோ குறைகிறதே என்பார்கள். மேலப்பாளையம் காஜா முகைதீன் பாயின் மெல்லிசைக் குழுவில் அவர் பேஸ், நான் தபேலா. வார நாட்களில் நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா அம்பலவாணன். சனி, ஞாயிறும் அம்மன் கோயில் கொடை நாட்களும் வந்துவிட்டால் திருச்செந்தூர், அம்பாசமுத்திரம் என்று இருவரும் பாயின் வேனில் இடிபட்டுக்கொண்டு கிடப்போம்.

அப்பாத்துரைக்குச் சொந்தமாக கிட்டார் கிடையாது. வாசித்ததெல்லாம் பாயுடையது. கல்கத்தாச் சரக்கு. தலையில் மட்டும் பெரிய அமெரிக்கக் கம்பெனியின் பேர் பளபளவென்று ஒட்டியிருக்கும். கழுத்து வளைந்துபோய், மழைக்கு ஒரு சுருதி, வெயிலுக்கு ஒரு சுருதி பேசும். பதினோரு வருடம் அதைத் திட்டிக்கொண்டே வாசித்தார்.

ஆனால் அவருக்கு ஊரில் இருந்த மரியாதை வாசிப்பால் வந்ததல்ல. பழைய வெளிநாட்டு கிட்டார் எதையும் கையில் கொடுத்தால், எந்த நாட்டுச் சரக்கு, எத்தனை வயது, என்ன பெறும் என்று சொல்லிவிடுவார். தூத்துக்குடிக்கு வந்த கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போனது, சிலோனிலிருந்து வந்தவர்கள் பெட்டியோடு கொண்டுவந்தது என்று எதையாவது போர்வையில் சுற்றிக்கொண்டு வாரம் ஒருவர் வருவார். வந்தவர் முதலில் தலையைக் காட்டுவார், பேர் அங்கேதானே இருக்கிறது. அப்பாத்துரை தலையைப் பார்க்கவே மாட்டார்.

"பேருக்கு என்னவே, நாலணாவுக்கு ஒட்டுதான். ஜப்பான்ல ஒரே பட்டறையில செஞ்ச சாமானுக்கு பத்து யாவாரி பத்துப் பேரு ஒட்டி அனுப்பிருக்கான். சிலது பேரே இல்லாமலும் வந்திருக்கு. முதுகைப் பாரும்" என்பார்.

முதுகு என்றால், கழுத்தை உடம்போடு சேர்க்கும் நாலு திருகாணியும் அதன் இரும்புத் தகடும். தகட்டில் எண் வெட்டியிருக்கும், சிலதில் நாட்டின் பேரும் இருக்கும். திருகாணியைக் கழற்றிக் கழுத்தைப் பிரித்தால், உள்ளே வெளிச்சம் படாத பள்ளத்தில் மை முத்திரையோ, பென்சிலில் ஜப்பான் எழுத்தோ கிடைக்கும். அதன்பிறகு தையல்காரர் நாடாவை எடுத்து, தந்தி தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை அளப்பார். முப்பது அங்குலத்தை ஒட்டி வந்தால் குட்டை, பள்ளிப் பிள்ளைகளுக்கென்று அறுபதுகளில் மூட்டை மூட்டையாக ஏற்றி அனுப்பிய மலிவுச் சரக்கு. முப்பத்துநாலு வந்தால் நெட்டை, நின்று வாசிக்கிறவனுக்குச் செய்தது. கடைசியாக ஒயரை ரேடியோவில் சொருகிப் பிக்கப்பைத் தட்டிப் பார்ப்பார். தந்தியின் அதிர்வை வாங்கி ஸ்பீக்கர் பெட்டிக்கு அனுப்புகிற காந்தமும் கம்பிச்சுருளும் அதற்குள்தான். முடியைவிட மெல்லிய செம்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. அது உயிரோடு இருந்தால் விலை, செத்தால் விறகு. இவ்வளவும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். காசு வாங்க மாட்டார். அவர் சொன்ன விலைக்கு யாரும் இரண்டாம் பேச்சு பேசியதில்லை.

தொண்ணூற்றைந்தாம் வருடம் ஆடிக்கொடை முடிந்த கையோடு காஜா பாய் புதிதாக ஒரு கீபோர்டு வாங்கினார். இடது கையால் பேஸும் அதிலேயே வரும்.

"நான் உம்மைப் போகச் சொல்லலவே. ஆனா இந்த வளைஞ்ச கட்டைக்கு கீபோர்டே நல்லாப் பேசுது. உருப்படியா ஒரு கிட்டாரு நீரே கொண்டாரும், உமக்கு மேடையில இடம் இருக்கு. தை மாசம் வரைக்கும் பாப்பேன்" என்றார் பாய். மனிதர் பொல்லாதவரல்ல, பிழைப்பு.

அதன்பிறகு அப்பாத்துரையின் அலைச்சலைப் பார்க்கச் சகிக்காது. தூத்துக்குடிக்கு நாலு தடவை போனார். நாகர்கோவிலில் எவனோ வைத்திருக்கிறான் என்று கேட்டு அங்கே ஓடினார், அது குட்டை. நல்லதாக ஒன்று வேண்டுமென்றால் ஆறாயிரம் ஆகும், மெட்ராஸ் போனால் இன்னும் கூட. அந்தத் தொகை அவர் வீட்டில் எந்த மூலையிலும் இல்லை. என்னோடு வண்ணார்பேட்டையில் டீ குடிக்க நின்றால் பாதி கிளாஸிலேயே கிளம்பிவிடுவார். எங்கே என்று கேட்டால் தெரியாது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிறிஸ்டி டீச்சர் அவர் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். டீச்சர் அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர். கணவர் தேவதாசன் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து, அதற்கு முந்தின வருடம் தவறிப்போனார். டீச்சர் கையில் போர்வைச் சுருள்.

"அறுப்பின் பண்டிகைக்கு இதைக் காணிக்கையாக் கொடுக்கணும்னு பொருத்தனை பண்ணிருக்கேன் அண்ணன். எந்த விலையில இருந்து ஆரம்பிக்கன்னு ஏலம் விடுத கிங்ஸ்லி சார் கேக்காரு. நீங்க ஒரு விலை சொல்லணும்" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. பொருத்தனை என்றால் நேர்த்திக்கடன். அறுப்பின் பண்டிகை அன்று சபையார் தங்கள் விளைச்சலில், வீட்டுப் பொருளில் ஒன்றைக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதைப் பந்தலில் வைத்து ஏலம் விடுவார்கள். வாழைத்தார், சேவல், முருங்கைக்காய்க் கட்டு, யாராவது சுட்ட கேக். பத்து ரூபாய்ப் பூசணிக்காய் நூறுக்குப் போகும். பணம் கோயிலுக்கு என்பதால் யாரும் விலை பார்க்க மாட்டார்கள், கொடுத்தவர் பேருக்காகக் கேட்பார்கள்.

டீச்சர் போர்வையைப் பிரித்தார். தேன் நிறம். தலையில் பேர் இல்லை.

"எழுபத்துமூணுல எங்க வீட்டுக்காரரு என் வளையல் ரெண்டையும் வித்து ஒரு கப்பல்காரன்கிட்ட வாங்குனாக" என்று டீச்சர் சொன்னார். "எங்க அண்ணன் அன்னையில இருந்து சிரிப்புத்தான். பேரே இல்லாத கிட்டாரைக் குடுத்து கப்பல்காரன் மச்சானுக்கு மொட்டை போட்டுட்டான்னு, எந்தக் கல்யாண வீட்டுல பாத்தாலும் இதே பேச்சு. நானும் கோவத்துல எத்தனையோ மட்டம் சொல்லிருக்கேன். அவுக ஒண்ணும் சொல்ல மாட்டாக, தொடச்சி உள்ள வச்சிருவாக. நெசமாவே ஏமாந்துதான் போனாகளா அண்ணன்?"

அப்பாத்துரை குனிந்து திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தகட்டில் எண், அதன் கீழே ஜப்பான் என்று ஆங்கிலத்தில். பள்ளத்தில் நீல மை முத்திரை, நேற்று குத்தியது போல. நாடா முப்பத்துநாலு காட்டியது. கழுத்து நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. இரண்டு பிக்கப், இரண்டுக்கும் உயிர் இருந்தது. அவர் நெற்றியில் வேர்த்துவிட்டது. பதினோரு வருடமாக மனதில் வாசித்துக்கொண்டிருந்த கிட்டார் மடியில் கிடக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

"கல்கத்தா சாமான் டீச்சர்" என்றார், திருகாணியை மாட்டிக்கொண்டே. "முந்நூறு ரூபா. அதுக்கு மேல போவாது."

"அப்ப ஏமாந்துதான்…"

"ஆமா டீச்சர். கப்பல்காரனுவ அப்படித்தான். வேணும்னா அந்த முந்நூறை நானே தந்துருதேன், இங்கனயே இருக்கட்டும்."

"இல்ல அண்ணன், பொருத்தனையாச்சே." டீச்சர் போர்வையைச் சுற்றினார். முகம் சிறுத்துப்போயிருந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. சினேகிதன் பிழைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன், அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன். டீச்சர் தெரு தாண்டியதும்தான் எனக்குக் கோபம் வந்தது.

"என்னவே இப்படிப் பண்ணிப்போட்டீரு? ஆறாயிரம் பெறுமா, பெறாதா?"

"எட்டாயிரமே பெறும்" என்றார். அறைக்குள் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார். "யாருக்குவே அது தெரியும்? ஏலத்துல வாழைத்தார் கேக்க வாரவன் பேஸ் கிட்டாரை என்ன செய்வான்? ஐநூறு, மிஞ்சிப்போனா ஆயிரம். எனக்கே விழுந்துரும். துட்டு கோயிலுக்குத்தானே போவுது. டீச்சருக்கு ஒரு நட்டமும் இல்ல."

"டீச்சர் விலையையா கேட்டாங்க?"

அவர் காதில் அது ஏறவில்லை. அல்லது ஏறியும் இறக்கிவிட்டார்.

பண்டிகைக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் மனிதர் மனிதராக இல்லை. காஜா பாயிடம் போய் கிட்டார் ரெடி என்று சொல்லிவிட்டார். ஜங்ஷன் கடையில் நாலு தந்தி வாங்கிச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். டீச்சர் வீட்டுத் தெரு வழியாகச் சைக்கிளில் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. தூத்துக்குடியிலிருந்து எவனாவது விஷயம் தெரிந்து ஏலத்துக்கு வந்துவிடுவானோ என்று பயம். பாயே வந்துவிடுவாரோ என்று அதைவிடப் பயம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் எதிரே வந்தால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போவார். சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார் என்று ஜெபராணி என்னிடம் புலம்பினார். நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி தலையாட்டினேன்.

ஒருநாள் ஆற்றுப்பாலத்தில் சைக்கிளை நிறுத்தி, "இப்பவாவது போய்ச் சொல்லிரும்வே" என்றேன்.

"ஏலம் முடியட்டும். முடிஞ்ச பொறவு பைய சொல்லிக்கிடுதேன்."

"என்னன்னு சொல்லுவீரு?"

அதற்குள் சைக்கிள் வண்ணார்பேட்டைப் பக்கம் இறங்கிவிட்டது.

பண்டிகை ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர் கூப்பிட்டதால் நானும் திருநீற்றைப் பூசிக்கொண்டு போனேன், என்னை அங்கே யாரும் வேற்றாளாகப் பார்ப்பதில்லை. ஆராதனை முடிந்து பந்தலில் கூட்டம் நிறைந்திருந்தது. பொருட்களை ஒரு நீள மேசையில் அடுக்கியிருந்தார்கள். அப்பாத்துரை தேன் நிறத்தைத் தேடினார், காணவில்லை. பூசணிக்காய்களுக்கும் கருப்பட்டிக்கும் நடுவே லாரி நீலத்தில் ஒன்று மின்னிக்கொண்டிருந்தது.

கிட்டார்தான். உடம்பு முழுக்க நீலம், விளிம்பில் மஞ்சள் கோடு. விரல் ஓடும் பலகை கறுப்பு எனாமல். இருபத்திரண்டு வருடம் பேரில்லாமல் இருந்த தலையில், 'தேவதாசன் நினைவாக' என்று சிவப்பில் எழுதி, இரண்டு பக்கமும் ரோஜாப்பூ போட்டிருந்தது. இரும்பெல்லாம் வெள்ளிப் பாத்திரம் போல ஜொலித்தது.

அப்பாத்துரை அதைத் திருப்பினார். முதுகில் பழைய தகடு இல்லை, பீரோக் கீலில் பாதியை வெட்டி முடுக்கியிருந்தார்கள். கழுத்துக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி தெரியாமல் லப்பம் பூசியிருந்தது. பிக்கப்பைத் தட்டினார், முகர்ந்து பார்த்தார். விளிம்பில் பச்சையாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது.

"நல்லாருக்கா அண்ணன்?" பின்னால் கிறிஸ்டி டீச்சர் நின்றார். முகத்தில் ஒரு கூச்சம், கொஞ்சம் பெருமை. "நீங்க முந்நூறு ரூபாக்கு மேல போவாதுன்னு சொன்னதும் எனக்கு மனசு கேக்கல. காணிக்கை பழுதில்லாம இருக்கணும்லா? ஆண்டவருக்கு ஏமாந்த சாமானையா கொண்டு வைக்க? லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையில குடுத்தேன். இரும்புச் சாமானையெல்லாம் மொத்தமாக் கழத்தி நிக்கல் பாலிஷ் கடையில திராவகத்துல முக்கி எடுத்தாங்க. அந்தத் தகடு எங்கயோ தவறிட்டுதாம். எண்ணூறு ரூபா ஆச்சு. அது போவட்டும், பாக்கப் புதுசாட்டம் இருக்குல்லா?"

கம்பிச்சுருளோடு பிக்கப்பைத் திராவகத்தில் முக்கியிருக்கிறார்கள். பாலிஷ் கடைக்காரருக்கு அது குத்துவிளக்கு மாதிரி ஒரு சாமான். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, டீச்சரையும் சொல்ல முடியாது. அப்பாத்துரை கிட்டாரைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"எங்க அண்ணன்கிட்டயும் சொன்னேன். அப்பாத்துரை அண்ணனே பாத்துட்டாக, கல்கத்தா சாமான்தானாம்னு" என்று டீச்சர் தணிந்த குரலில் சொன்னார். "இருவது வருசமா நான் சொல்லலியான்னு ஒரு சிரிப்பு. நானும் இத்தன வருசம் அதத்தான் சொன்னேன். சரின்னு ஆன பொறவு சந்தோசமா இல்ல அண்ணன். அவுக போட்டோவப் பாக்கவே சங்கடமா இருக்கு, பாவம் இப்படி ஏமாந்துட்டாகளேன்னு."

"ஏமாறல டீச்சர்" என்றார் அப்பாத்துரை.

டீச்சர் பார்த்தார்.

"ஜப்பான் சாமான் டீச்சர். அசல். நான் இதுவரைக்கும் தொட்டதுல இதுதான் ஒசத்தி. அன்னைக்கு எட்டாயிரம் பெறும். நான் எடுத்துக்கிடணும்னு பொய் சொன்னேன். உங்க வீட்டுக்காரர் சரியாப் பாத்துத்தான் வாங்கிருக்காரு. ஏமாத்துனது கப்பல்காரன் இல்ல, நாந்தான்."

சேவல் ஒன்று ஏலம் போய்க்கொண்டிருந்தது. கூட்டம் சிரித்தது. டீச்சர் புடவைத் தலைப்பை இழுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் அப்பாத்துரைக்குக் கொஞ்சம் இளைப்பாறலாக இருந்திருக்கும்.

"அவுக ஏமாறலியா" என்று தனக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார். "எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? சிரிச்சவுக எல்லாரும் அந்தா பந்தல்ல இருக்காக. மைக்குல சொல்லுங்க."

ஏலம் விட்ட கிங்ஸ்லி சார், "அடுத்ததா நம்ம கிறிஸ்டி டீச்சர் காணிக்கை" என்று நீலக் கிட்டாரைத் தூக்கிக் காட்டினார். முன்வரிசையில் டீச்சரின் அண்ணன், தங்க பிரேம் கண்ணாடி, பக்கத்தில் இருந்தவர் காதில் என்னவோ சொல்லிச் சிரித்தார். அப்பாத்துரை பந்தலின் நடுவே நடந்து போனார். கிங்ஸ்லி சாரிடம் மைக்கைக் கேட்டு வாங்கினார். விலை சொல்லப் போகிறார் என்று சபை அமைதியானது. இந்த ஆளின் வாக்கு அங்கே அவ்வளவு செல்லும்.

"இந்தக் கிட்டாரு முந்நூறு ரூபாதான் பெறும்னு நான் டீச்சர்கிட்ட சொன்னேன். அது பொய்" என்றார். "தேவதாசன் அண்ணன் வாங்குனது எட்டாயிரம் ரூபா பெறுத அசல் ஜப்பான் சாமான். பேரைப் பாக்காம பொருளைப் பாத்து வாங்கிருக்காரு. அந்தக் காலத்துல இந்தச் சில்லாவுலயே அப்படிப் பாக்கத் தெரிஞ்ச ஆளு அவரு ஒருத்தராத்தான் இருக்கும். எனக்கு அது மேல ஆசை. கொறைச்ச விலைக்கு எடுக்கலாம்னு ஒரு விதவைப் பொம்பளைகிட்டப் பொய் சொன்னேன். அதைக் கேட்டு அவங்க பெயிண்ட் அடிச்சி, பாலிஷ் போட்டு, உள்ள இருந்த உசுரு போயிட்டு. இப்ப இது சத்தம் போடாது." கிங்ஸ்லி சார் கையிலிருந்த கிட்டாரைக் காட்டினார். "அன்னைக்கு முந்நூறுன்னு நான் சொன்னது பொய். இன்னைக்கு அது நெசமாயிட்டு."

மைக்கைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். ஒரு பெரியவர், "நல்ல காரியம் பண்ணுனேப்பா" என்று கசப்பாகச் சொன்னார். ஜெபராணி பெண்கள் பக்கத்தில் முகத்தை மூடிக்கொண்டார். கிங்ஸ்லி சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப… முந்நூறுல இருந்து ஆரம்பிக்கலாமா?" என்றார்.

"எட்டாயிரம்."

பெண்கள் பக்கத்திலிருந்து வந்த குரல். கிறிஸ்டி டீச்சர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கொடுத்தவரே திரும்பக் கேட்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. ஆனால் இவ்வளவுக்கு யாரும் கேட்டதில்லை, அது டீச்சரின் இரண்டு மாதச் சம்பளம்.

"டீச்சர், வாசிக்க முடியாத கிட்டாருங்காரு" என்றார் கிங்ஸ்லி சார், மெதுவாக.

"கேட்டேன் சார். எட்டாயிரம்."

ஒரு தரம், இரண்டு தரம் என்று கிங்ஸ்லி சார் சொன்னார். பந்தலில் இருந்த ஒருவரும் மேலே கேட்கவில்லை. மூன்றாம் தரம் சொல்லி மணியடித்ததும் டீச்சர் முன்னால் வந்து நீலக் கிட்டாரை வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டார். அப்பாத்துரையைத் தாண்டும்போது அவர் பக்கம் திரும்பவே இல்லை. நேரே முன்வரிசைக்குப் போய், தங்க பிரேம் கண்ணாடிக்கு முன்னால் நின்றார்.

"கேட்டியளா அண்ணன்?" என்றார்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டேம்மா" என்றார்.